மூன்று சுழி

போன வாரம் கண்ணாடிக்காரியைப் பழைய புத்தகக் கடைக்குள், தும்மல் வருகிற நேரமாகப் பார்த்து விட்டுவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாள் ஆயிற்று. நமக்கு வேலை, வீடு, தூக்கம் என்று எல்லாம் இருந்தன. அவள் பாவம், மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

ஒருவழியாகத் தும்மி முடித்தாள்.

"முதல்ல அட்டையைத் தட்டிட்டுத் திறக்கணும்மா" என்றார் கடைக்காரர். தெருவில் அவருக்குத் தூசுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்ப்பதால் அவள் கண்ணாடிக்காரி. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். புரை விழுந்து இரண்டு வருஷமாக ஓர் எழுத்துக்கூடப் படிக்கவில்லை. அறுவை முடிந்துவிட்டது. கண்ணாடி இன்று தயாராகிவிடும்.

"கண்ணாடி போட்டதும் முதல்ல என்னப்பா படிக்கப் போறீங்க?" என்று காலையில் கேட்டாள்.

"குதிரைக் கதை" என்றார் பெரியவர், யோசிக்காமல்.

அதைத் தேடித்தான் வந்தாள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை அது. அரசாங்கத்தின் வரிப்பண வண்டிகளை மலைப் பாதையில் மறிக்கிற ஒரு கொள்ளைக்காரன். கிழிந்த தொப்பி, புள்ளி போட்ட குதிரை, செருப்பைக் கழற்றாமலே தூக்கம். எந்த மொழியிலிருந்தோ தமிழுக்கு வந்த தடிப் புத்தகம். இவளுக்கும் தம்பிக்கும் பெரியவர் அதைச் சாயங்காலங்களில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்.

தேடியது கிடைத்துவிட்டது. அதுதான் கஷ்டம். அவள் கையில் இருந்தது அதே கதையின் வேறொரு பிரதி இல்லை. அவர்கள் வீட்டுப் புத்தகமே.

எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்புப் பென்சில் குறிகள். புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி, ஒற்று விட்ட இடத்தில் ஒற்று. சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்தியது போதாது என்று, பொழுதுபோக்குக்கும் பிழை திருத்துகிற மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரியவர் அதை வாங்கும்போதே கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. அச்சகத்துப் பாஷையில் ஒரு பாரம் குறைவு. கொள்ளைக்காரன் பிடிபட்டு, சங்கிலியில் கிடந்தபடி சொல்கிறான்: ‘என்னைக் காட்டிக்கொடுத்தவன் வேறு யாருமில்லை,’ அவ்வளவுதான். காற்புள்ளியோடு கதை நின்றுவிடும்.

"இருபது வருஷமா ஒரு காற்புள்ளியில நிக்கிறேன்டா" என்பார் பெரியவர். எவன் காட்டிக்கொடுத்தான் என்று பிள்ளைகள் இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். "கூடப் பொறந்தவன்தான்" என்பாள் இவள். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவானே, அந்தத் தபால்காரன்" என்பான் தம்பி.

காற்புள்ளிக்கு எதிர்ப்பக்கம், பின் அட்டையின் உள்புறம், இப்போது புதிதாக ஒரு வரி இருந்தது. ஊதா முத்திரை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே நீல மையில்:

‘அலுவலகப் பார்வைக்கு. உள்ளே இருந்த காகிதங்கள் நாண்கு.’

கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை.

நான்கு என்ற சொல்லுக்கு இரண்டு சுழி ன போதும். அதற்கு மூன்று சுழி போடுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். இன்று காலையில்கூடக் குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: ‘முட்டை நாண்கு.’ பெரியவர் வருஷக்கணக்காகச் செய்யும் கேலி அது. "எண்ணிக்கையில நாணம் வச்சது எங்க மாப்பிள்ளை ஒருத்தர்தான்!"

அவள் புருஷன்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நேத்துச் சாயங்காலம் வந்துச்சும்மா. அச்சாபீஸ்ல பழைய ரூமை இடிக்கிறாங்கல்ல? அலமாரி அலமாரியா அள்ளிப் போட்டாங்க. உங்க வீட்டுக்காரரே நின்னு ஏத்தி விட்டார். ‘எனக்கு ஒண்ணும் வேணாம், எல்லாத்தையும் கொண்டு போய்யா’ன்னார். மேனேஜர்னு ஒரு பந்தா உண்டா? தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் எடுத்துப் பார்க்காமலே ஏற்றிவிட்டிருக்கிறார். அவருக்கு அது மறந்தே போய்விட்டது.

அந்த நான்கு காகிதங்கள் என்ன என்று தொடரை இடையில் பிடித்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் வேலைநிறுத்தத்துக்கு ரகசியமாக ஏற்பாடு நடந்தது. பெரியவர் உட்படப் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்ட தாள்கள் பெரியவர் பொறுப்பில் இருந்தன. அவர் அவற்றைக் குதிரைக் கதைக்குள் செருகி வைத்தார். அங்கே இருப்பது அவருக்கும், பைண்டிங் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்த மகனுக்கும் மட்டுமே தெரியும். தற்காலிக ஆள் என்பதால் மகன் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரத்தில் புத்தகத்தைக் காணோம் என்று தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் பத்தொன்பது பேருக்கும் வேலை போயிற்று. மகனுக்கு மட்டும் போகவில்லை.

பெரியவர் மகனை வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்க, செருப்பால் அடித்தார். "காட்டிக்கொடுத்த நாயே" என்றார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணாடிக்காரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். புத்தகம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பேருந்து நிறுத்தத்தில், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அவளே கொடுத்திருந்தாள். அப்போது அவர் அதே அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவர். "உங்க வீட்டுக் குதிரைக் கதையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்களே, படிக்கக் குடேன்" என்று கேட்டார். மூன்றாம் நாள் முகம் வெளுக்க வந்து நின்றார். "பஸ்ல விட்டுட்டேன். மாமாகிட்ட சொல்லிடாத. பொறுப்பில்லாதவன்னு நினைச்சுடுவார்."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பேருந்தில் யாரோ எடுத்து, யாரோ அச்சகத்தில் கொடுத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே ஒரு கதை சொல்லிக்கொண்டாள். அந்தக் கதையைப் பதினோரு வருஷம் நம்பினாள். நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்தாளா என்பதை அவளிடமே விட்டுவிடுகிறேன்.

வேலை போனவன் மகளை அந்தக் கணக்கர் மறுபேச்சுப் பேசாமல் கட்டிக்கொண்டார். பெரியவர் அவர் கையைப் பிடித்து அழுதார். இன்றுவரை அந்த மாப்பிள்ளை வீட்டில், அந்த மாப்பிள்ளை போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, அவரைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாணைக்கல் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரம் தேய்ந்தது. மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிக்க. அப்பாவின் கண்ணாடியை வேறு யார் கையிலும் அவள் கொடுக்கவில்லை.

சட்டத்தில் பொருத்தி, துடைத்து, பெட்டியில் வைத்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த பிளேடை எடுத்தாள்.

ஒரே ஒரு தாள்தான். அதை எடுத்துவிட்டால் புத்தகம் வெறும் புத்தகம். அப்பாவுக்குக் குதிரைக் கதை, அவளுக்குக் குடும்பம், ஒன்பது வயது மகளுக்கு அப்பன். ஆனால் தம்பி?

தம்பி இன்று வருகிறான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நாளைக் காலையில் வேறு நாட்டுக்கு ஐந்து வருஷ வேலைக்குக் கப்பலேறுகிறான். பெரியவர் முதலில் முடியாது என்றார். மாப்பிள்ளைதான் பேசிப் பேசிக் கரைத்தார். "மன்னிச்சு விட்டுடுங்க மாமா. சின்ன வயசு, புத்தி கெட்டுச் செஞ்சுட்டான்." அந்தப் பேச்சைக் கேட்டுப் போன வாரம் அவள் கண் கலங்கினாள். நாமும்தான்.

"அக்கா."

பின்னறை வாசலில் நின்றான். தாடி வைத்திருந்தான். நாலு மணிக்கு வருகிறேன் என்றவன் இரண்டு மணிக்கே வந்துவிட்டான்.

"என்னடா இப்படி இளைச்சுட்ட?" என்றாள் அவள்.

அவன் பார்வை மேஜைக்குப் போயிற்று. புத்தகம். திறந்து கிடந்த பின் அட்டை. அவள் கையில் பிளேடு. அவன் கிட்டே வந்து அந்த வரியைப் படித்தான். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"மூணு சுழி" என்றான்.

"உனக்கு... தெரியுமா?"

"புத்தகத்தை நீ குடுத்ததைப் பார்த்தேன்கா. எதிர்ப்பக்கம் பஸ்ல உக்காந்திருந்தேன். நம்ம வீட்டு மாப்பிள்ளை ஆகப் போறவர்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப ஏன்டா சொல்லல? அப்பா உன்னை அந்த அடி அடிச்சப்ப ஏன்டா வாயத் திறக்கல?"

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்."

இன்னும் சுற்றிக்கொண்டிருந்த கல்லை அவள் நிறுத்தினாள்.

"பத்து நாள் காத்திருந்தேன். உனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. பதினோராவது நாள் பஸ் ஏறிட்டேன். நான் ஒண்ணும் தியாகி இல்லக்கா. நான் சொல்லியிருந்தா அப்பா நம்பியிருக்க மாட்டார். நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பார்."

"பஸ்ல தொலைச்சுட்டேன்னு சொன்னார்டா. நான்..."

"தொலைஞ்சுதுன்னாவது சொல்லியிருக்கலாமே. தம்பி எடுக்கல, நான்தான் எடுத்தேன்னு. அவ்வளவு போதுமே."

பதில் இருந்தால் பதினோரு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்க மாட்டாளா?

அவன் அட்டையின் உள்புறத்தை விரலால் தடவினான். "இந்தப் புத்தகத்துக்கு மறுபடி பைண்டிங் போட்டதே நான்தான். பிளேடு போட்டா அட்டை பிஞ்சுடும். ஈரத் துணி வச்சுப் பத்து நிமிஷம் அமுக்கினா, ஒட்டின தாள் அழகா உரிஞ்சு வரும். துணி எடுத்துத் தரவா?"

"டேய்..."

"கிழிக்கணும்னா கிழிச்சுக்கோ. என் கண்ணு முன்னாடி கிழிக்காதே, அது போதும். நாலு மணிக்கு வீட்டுக்கு வரேன். அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போயிடுவேன். உன் வீட்டுக்காரர் மன்னிப்பு வாங்கிக் குடுத்திருக்காராமே, வாங்கிட்டுப் போறேன்."

போய்விட்டான். அவள் பிளேடைக் கீழே வைத்தாள். கிழிக்கவும் மனசில்லை, சொல்லவும் வாயில்லை. புத்தகத்தையும் கண்ணாடியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தான் பேச வேண்டியதைப் புத்தகத்தைப் பேச வைக்கலாம் என்று நினைத்தாள். இதையும் ஒரு துணிச்சல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

வீட்டில் அவள் புருஷன், அச்சகத்து மேலாளர், சீக்கிரமே வந்து, நாற்காலிகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். புதுச் சட்டை.

"வந்துட்டியா? நாலு ஆகப் போகுது. மாமா, அவன் வந்ததும் பழசை எடுக்காதீங்க. என் முகத்துக்காக."

"உங்க முகத்துக்காகத்தான் மாப்பிள்ளை அவனை வாசப்படி மிதிக்க விடுறேன்" என்றார் பெரியவர். "இல்லேன்னா காட்டிக்கொடுத்தவன் முகத்துல நான் முழிக்கவா?"

கண்ணாடிக்காரி அப்பாவின் முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் கொக்கி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தாள். பெரியவர் கண்ணைச் சிமிட்டினார். சுவரைப் பார்த்தார், விரல் நகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அம்மாடி! உனக்கு நரைச்சுப் போச்சே!"

"ரெண்டு வருஷமாச்சேப்பா."

"குதிரைக் கதை கிடைச்சுதா?"

அவள் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். பெரியவர் அட்டையைத் தட்டி, ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம்.

"இது நம்ம புத்தகம். ஏய், இது நம்ம வீட்டுப் புத்தகம்! பாருங்க மாப்பிள்ளை, என் பென்சிலு. இந்தக் குறியைப் பாருங்க!"

மாப்பிள்ளை பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பழைய குப்பை மாமா. பூச்சி இருக்கும். கண்ணு இப்பத்தான் ஆறிட்டு வருது. குடுங்க, வெயில்ல காயவச்சுத் தரேன்." கையை நீட்டினார்.

"அட போங்க, பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கு, உடனே குடுத்துடுவேனா?" பெரியவர் குழந்தை மாதிரி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கடைசிப் பாரம் சேர்ந்திருக்கான்னு பாப்போம்... ம்ஹூம். அதே காற்புள்ளி. இன்னும் இங்கேயேதான் நிக்கிறான் நம்ம ஆளு."

"மாமா..."

"இருங்க, இந்தப் பக்கம் யாரோ என்னமோ எழுதியிருக்கான்." கீழ்ப் பாதிக் கண்ணாடி வழியாகத் தலையைத் தூக்கிப் படித்தார். "அலுவலகப் பார்வைக்கு. உள்ளே இருந்த காகிதங்கள்..."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. படிக்கவே முடியாத இரண்டு வருஷத்திலும் சிவப்புப் பென்சில் அங்கேயே இருந்தது. முப்பது வருஷப் பழக்கம். கண் பிழையைப் பார்த்தது, கை திருத்தியது. அதிகப்படிச் சுழியில் ஒரு சின்னக் கோடு, ஓரத்தில் நீக்கற்குறி.

"மாப்பிள்ளை, எத்தனை தடவைதான் உங்களுக்குச் சொல்றது! நான்குக்கு ரெண்டு சுழி போதும்னு..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை. சிரிப்பு நின்றது. பிறகு பென்சில் நின்றது.

அந்த வரியை மறுபடி படித்தார். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"மாமா, அப்ப என் நிலைமை என்னன்னா..." என்று ஆரம்பித்தார் மேலாளர்.

"உங்களை நான் ஒண்ணும் கேக்கல." பெரியவர் தலை நிமிரவில்லை. "இது என் அலமாரியில இருந்த புத்தகம். இவர் கைக்கு யாரு குடுத்தது?"

வாசலில் நிழல் ஆடியது. தம்பி வந்துவிட்டான். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றக் குனிந்தவன் அந்தக் கேள்வியைக் கேட்டு அப்படியே நின்றான். அக்காவைப் பார்த்தான்.

மேலாளரும் மனைவியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் பழகின வேலைதானே அது.

"நான்தான்பா குடுத்தேன்" என்றாள், அவருக்கு முந்திக்கொண்டு.

பெரியவர் மெல்ல நிமிர்ந்தார். "எப்ப?"

"அது காணாமப் போறதுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை."

"அவனை நான் அடிச்சேனே, அன்னிக்கு உனக்கு இது தெரியுமா?"

"குடுத்தது தெரியும்பா."

"எங்க நின்ன அப்ப?"

"உங்க பக்கத்துலதான்."

மேலாளர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் புத்தகத்தை மூடினார். பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றி, அதன் கால்களை மடக்கி, மகளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. நல்லாத் தெரியுது. போதும்."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

கையை நீட்டியபடியே, கண்ணாடி இல்லாத கண்களை வாசல் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் ஓர் உருவம் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே. யாரது?"

அக்கா பதில் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டிய பதில்.

தம்பியும் சொல்லவில்லை. கழற்றிய செருப்பைப் பார்த்தான், கழற்றாத செருப்பைப் பார்த்தான். எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.